பெருந்தோட்டக் குழந்தைகளின் உடல்நலம்: ஒரு வரலாற்று நோக்கு

மலையகத்தின் வரலாற்றை எழுதியோர் கூலி, குடியுரிமை, தொழிற்சங்கம் என்பன பற்றியே பெரிதும் விரித்துரைத்துள்ளனர். அவ்வரலாற்றுள் குழந்தைகளுக்குரிய பக்கங்கள் மிகச் சிலவே. நுவரெலியா, ஹற்றன் பகுதித் தோட்டங்களில் பிறக்கும் குழந்தையின் உடல்நலத்துக்கு யார் பொறுப்பு என்னும் வினாவுக்குக் காலந்தோறும் அளிக்கப்பட்ட விடைகளை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1869இல் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிய, அதன் இடத்தைத் தேயிலை பெற்றது. கோப்பி பருவகால உழைப்பை வேண்டியது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகளை வேண்டி நின்றது. எனவே குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. பெண்ணின் உழைப்பு தோட்டத்துக்கு இன்றியமையாததாயிற்று. அவள் குழந்தையோ தோட்டக் கணக்கிற் செலவாகவே இடம்பெற்றது.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டம் 1872இலேயே இயற்றப்பட்டது. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் அதனை விரிவாக்கியது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு உணவும் உறைவிடமும் அளித்தல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பராமரிப்பைக் கவனித்தல் ஆகியன தோட்டத் துரையின் கடமைகளாயின. ஏட்டளவில் இவை சிறந்த விதிகளே. ஆயின் நோயைக் கவனிக்க வேண்டியவரும், பெரட்டில் ஆள் குறையாது பார்க்க வேண்டியவரும் ஒருவராகவே இருந்தார். இம்முரண்பாடே பின்வந்த குறைகள் பலவற்றுக்கும் மூலம் எனலாம். 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் கொளுக்கிப்புழு ஒழிப்பியக்கம் தோட்டங்களிலேயே தொடங்கியது. அந்நோய் உழைப்பு வலுவைக் குறைத்தமை துரைமாருக்கு அதில் அக்கறையை ஊட்டியது.

சுதந்திரத்தின் பின் இலவச மருத்துவசேவை கிராமங்கள்தோறும் பரவியது. தோட்டங்களோ முதலாளியின் பொறுப்பெனப் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாற் பெரும்பாலோர் நாடற்றோராக்கப்பட்டமையால், இந்நிலையைப் பாராளுமன்றத்தில் எதிர்த்துரைக்கும் குரலும் ஒடுங்கியது.

இதன் கொடிய விளைவு 1973-74 உணவுப் பஞ்சத்தில் வெளிப்பட்டது. பங்கீட்டு உணவு குறைந்தபோது கிராமத்தவருக்கு ஒரு துண்டு நிலமேனும் இருந்தது; லயத்தவருக்குக் கூலியன்றி வேறில்லை. 1974இல் நாடு முழுவதற்குமான சிசு மரண வீதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 51 ஆக இருக்க, தோட்டங்களில் அது நூறைத் தாண்டியது.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இக்காலத்தில் தடுப்பூசி, குடிநீர், மலசலகூடம், பிள்ளைக்காம்பரா ஆகியன மேம்பட்டன. சிசு மரணமும் வெகுவாகக் குறைந்தது. இதனை மறுத்தல் நேர்மையாகாது.

எனினும், இறப்பிலிருந்து தப்பிய குழந்தை நன்கு வளர்கின்றதா என்பது வேறு வினா. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டக் குழந்தைகளுள் 31.7 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றோர். தேசிய வீதம் 17.3 ஆகும். இக்குறை கருவிலேயே தொடங்குகின்றது. சோகையுற்ற தாய் நிறைகுறைந்த பிள்ளையைப் பெறுகின்றாள். மலைக்குத் திரும்பியதும் பாலூட்டல் தடைப்படுகின்றது. லயத்தின் நெருக்கடியும் விறகுப் புகையும் சுவாசநோயைத் தருகின்றன. நோயுற்ற குழந்தை உண்பதில்லை. உண்ணாத குழந்தை மீண்டும் நோயுறுகின்றது. 2022இன் பொருளாதார நெருக்கடி இச்சுழலை மேலும் இறுக்கியது.

ஆகவே மருந்தும் சத்துமாவும் மட்டும் இதற்குப் பரிகாரமாகா. தோட்ட மருத்துவத்தை அரசு பொறுப்பேற்றல் என்னும் கொள்கை முழுமை பெறல் வேண்டும். தாயின் மொழியறிந்த மருத்துவ மாதர் லயங்களுக்கு வருதல் வேண்டும். கூலியும் குடியிருப்பும் சுகாதாரத்தின் பகுதிகளாகவே கொள்ளப்படல் வேண்டும். 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்கும் குடியுரிமைக்கு வழிவகுத்தது. குடிமகனின் குழந்தை குடிமகனுக்குரிய மருத்துவத்தைப் பெறுதல் உரிமையேயன்றி, தோட்டம் அளிக்கும் சலுகையன்று. பொறுப்பைத் தோட்டத்துக்கும் அரசுக்கும் இடையே பந்தாடிய காலம் போதுமான அளவு நீண்டுவிட்டது.