தேயிலைக் கணக்கும் கணினிக் கல்வியும் – ஒரு வரலாற்று நோக்கு

எம்பிலிப்பிட்டிய நகரின் கடைத்தெருவிற் செல்வோர் கணினி வகுப்புகளுக்கான விளம்பரப் பலகைகளைக் காணாது திரும்புதல் அரிது. வளவை கங்கையை மறித்து 1960களில் உடவளவை நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டதன் பின்னர், நெற்செய்கைக் குடியேற்றங்களின் நடுவே வளர்ந்த உலர்வலய நகரம் இது. வைக்கோலிலிருந்து கடதாசி செய்யும் ஆலை ஒன்றும் ஒருகாலத்தில் இங்கு இயங்கிற்று. நகரிலிருந்து வடக்கே கொடக்கவெல வழியாக இறக்குவானையை நோக்கி ஏறினால் நிலம் மாறுகிறது, காற்று மாறுகிறது, மொழியும் மாறுகிறது. தேயிலையும் இறப்பரும் கலந்த அந்தத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸேறி வரும் தமிழ்ப் பிள்ளைகள், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட அப்பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்து, கணினி கற்றால் என்ன உத்தியோகம் கிடைக்கும் என்று வினவுகின்றனர். வரலாறு பயில்வோன் கேட்க வேண்டிய கேள்வி அதற்கு முற்பட்டது: இந்நாட்டில் கணினியைக் கற்க யாருக்கு வாய்த்தது, யாருக்கு வாய்க்கவில்லை, அஃது ஏன்?

கணினியின் தோற்றத்தைப் போர்க்களத்தோடு இணைத்துப் பேசுதல் வழக்கம். எதிரியின் மறைமொழியை உடைத்தற்கும் பீரங்கிக் குண்டின் பாதையைக் கணித்தற்கும் அது பயன்பட்டமை உண்மையே. ஆயினும் வாணிபக் கணக்குக்குக் கணினியை முதன்முதலில் ஆக்கிப் பயன்படுத்தியது ஒரு தேநீர்க் கம்பனி என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. இலண்டனிலே தேநீர்ச்சாலைகள் பலவற்றை நடத்திய ஜே. லயன்ஸ் கம்பனி 1947இல் தன் அலுவலர் இருவரை அமெரிக்காவுக்கு அனுப்பி, அங்கு உருவாகி வந்த மின்னணுக் கணிப்பொறிகளை ஆராய்ந்துவரச் செய்தது. அதன் விளைவாக, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மொறிஸ் வில்க்ஸ் அமைத்துக்கொண்டிருந்த 'எட்சாக்' என்னும் கணினிக்கு அக்கம்பனி 3,000 பவுண் வழங்கிற்று. எட்சாக் 1949 மே 6ஆந் திகதி தன் முதற் கணக்கைச் செய்தது. அதனைப் பின்பற்றிக் கம்பனி தனக்கென ஆக்கிக்கொண்ட 'லியோ' 1951 நவம்பரில் வேலை தொடங்கியது. 1954இல் ஊழியர் சம்பளக் கணக்கு அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. தேர்ந்த எழுதுவினைஞர் ஒருவர் எட்டு நிமிடத்திற் போட்ட ஓர் ஊழியரின் சம்பளத்தை லியோ ஒன்றரைச் செக்கனில் முடித்தது. தேயிலைக் கலவைக்குரிய கணக்கும் பின்னர் அதிற் செய்யப்பட்டது. இதற்கிடையில், 1953இல், எட்சாக் இருந்த அதே கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடம் கணிப்பியலுக்கென ஒரு டிப்புளோமாப் பாடநெறியைத் தொடங்கியது. உலகில் முறையாகக் கற்பிக்கப்பட்ட முதலாவது கணினிப் பாடநெறி இதுவேயெனக் கொள்வர். பிரித்தானியாவின் தேயிலைச் சந்தைக்கு இந்தியாவும் இலங்கையுமே முதன்மையாகத் தேயிலை அனுப்பிய காலம் அது. கணினிக் கல்வியின் வேரில் ஊற்றப்பட்ட நீரில் ஒரு துளியேனும் கொழுந்து பறித்த கைகளின் வியர்வை என்று கூறின் அது மிகையாகாது.

அக்கைகளுக்கு உரியவர்கள் கணக்குக்குப் புதியவர்களல்லர். அதிகாலைப் பிரட்டுக்களத்தில் நின்றோருக்குப் 'பேர்' விழுவதும், குறித்த நிறை கொழுந்து இல்லையேல் 'அரைப்பேர்' ஆவதும், மாத முடிவில் முற்பணமும் அரிசியும் கழிக்கப்பட்டு மிச்சம் எண்ணப்படுவதும் செக்றோல் என்னும் பேரேட்டில் நாள்தோறும் பதியப்பட்டன. ஆட்பெயர், நாள், நிறை, கழிவு, நிலுவை என்று கட்டம் பிரித்து எழுதிய அந்தப் பேரேட்டுக்கும் லியோ செய்த வேலைக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. தகவல்களை ஒழுங்குபடுத்தி விதிப்படி கணித்தலே இரண்டிலும் நடந்தது. பேனா கணக்கப்பிள்ளையின் கையில் இருந்தது. தொழிலாளி அதில் ஒரு வரியாக மட்டும் இருந்தார். எட்சாக் இயங்கிய அதே 1949ஆம் ஆண்டில், முந்திய ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் காரணகாரியத் தொடர்பு எதுவும் இல்லைதான். ஆனால் ஒரு சமூகம் நவீன உலகினுள் நுழையும் வாசலில் எந்நிலையில் நிறுத்தப்பட்டிருந்தது என்பதை அறிய இந்த ஒப்புநோக்கு உதவும்.

இனி இலங்கைக்கு வருவோம். இந்நாட்டின் முதலாவது கணினி 1967இல் அரச பொறியியற் கூட்டுத்தாபனத்தில் நிறுவப்பட்டது. அதன் தலைவராக இருந்தவர், கொழும்புக் கோளரங்கத்தைக் கட்டிய பொறியியலாளர் ஏ. என். எஸ். குலசிங்க ஆவார். துளையிட்ட அட்டைகளின் வழியே ஆணை பெறும் பெரும்பொறி அது. இதே காலப்பகுதியில், இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பிய கணிதப் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க கொழும்பிலே கணித மாணவருக்குக் கணினி நிரலாக்கத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அது தனித்துறையாக வளரவில்லை. கணிதத்தின் நிழலிலேயே நின்றது. 1983இல் தேசியக் கணினிக் கொள்கை வகுக்கப்பட்டது. அதே ஆண்டு ஆடி மாதத்தில் நிகழ்ந்தவை தமிழ்க் கல்விமான்கள் பலரை நாட்டை விட்டே போகச் செய்தன என்பதையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். 1984இல் 'சின்டெக்' எனப்பட்ட தகவல் தொழினுட்பப் பேரவை அமைந்தது. 1985இல் கொழும்பில் புள்ளிவிபரவியல், கணினி விஞ்ஞானத் துறையும் மொறட்டுவையில் கணினி விஞ்ஞான, பொறியியற் துறையும் தோன்றின. 1987இல் யப்பானிய உதவியுடன் கொழும்பில் எழுந்த கணினித் தொழினுட்ப நிறுவகமும் கணினி விஞ்ஞானத் துறையும் 2002இல் ஒன்றிணைந்து கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியாயின.

இவற்றின் வாசல் எங்கே இருந்தது என்பதே நமக்கு முக்கியம். அது கொழும்பிலோ மொறட்டுவையிலோ இருக்கவில்லை. க.பொ.த. உயர்தரக் கணிதப் பிரிவு நடைபெற்ற பாடசாலையில் இருந்தது. பல்கலைக்கழக அனுமதி பற்றி ஈழத்தில் எழுந்த வாதங்கள் அனைத்தும் அந்த வாசலைத் தாண்டியோரைப் பற்றியவை. 1971இல் பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்களமொழி மூல மாணவர் 227 புள்ளியுடன் அனுமதி பெறத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளி வேண்டியிருந்தமை கொடிய அநீதி என்பதில் இரண்டு கருத்து இல்லை. எனினும் தோட்டப் பிள்ளை அந்த 250ஐ அடையவோ தவறவிடவோ பரீட்சை மண்டபத்துக்கே வந்திருக்கவில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் எல்லைக்கு வெளியே துரைமாரின் பொறுப்பில் விடப்பட்டன. ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் ஐந்தாம் வகுப்பு வரையுமாக அவை இருந்தன. 1975இல் பெருந்தோட்டங்கள் அரசுடைமையானதன் பின்னரே, அதுவும் படிப்படியாகவே, அவை அரசாங்கப் பாடசாலைகளாயின.

மாவட்ட ஒதுக்கீடு வந்த பின் நிலைமை மாறியிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். இரத்தினபுரி கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகவே கொள்ளப்பட்டு வந்துள்ளது. அம்மாவட்ட மாணவர் குறைந்த புள்ளியுடன் பல்கலைக்கழகம் புகலாம். என் கருத்தில், இச்சலுகை தோட்டத்தைப் பொறுத்தவரை காகிதத்தில் எழுதிய சர்க்கரையே. மாவட்டம் என்பது ஒரே தன்மையான நிலம் அன்று. நகரத்துச் சிங்களமொழி மூலப் பாடசாலையும் மலையுச்சியின் தமிழ்மொழி மூலப் பாடசாலையும் ஒரே மாவட்டத்தவை. ஒதுக்கப்பட்ட இடத்தை முந்தியது நிரப்பும். பிந்தியதில் இணைந்த கணிதம் கற்பிக்க ஆசிரியர் இல்லையெனின் அதற்கு ஒதுக்கீடு இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? நுவரெலியாவில் தமிழர் செறிந்து வாழ்வதால் வாக்குப்பலம் உண்டு. அவ்வாக்குப்பலத்தினால் ஆசிரியரும் கட்டடமும் ஓரளவு வந்தன. சப்ரகமுவவிலோ தோட்டங்கள் சிறியவை, சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறியவை. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் நடந்த வன்செயல்களில் இரத்தினபுரி, காவத்தைப் பகுதிகளின் லயங்கள் தாக்கப்பட்டன. அக்காலத்தில் வன்னிக்கு ஓடிய குடும்பங்கள் பல. பெயர் வெட்டப்பட்டுச் சென்ற பிள்ளைகளோடு வகுப்புகளும் கலைந்தன. இதனை எழுதும் நானும் கலைப்பீடத்திற்கு வந்தது கலையின்மேற் கொண்ட காதலால் மட்டுமன்று. நான் கற்ற பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு ஒன்றே இருந்தது. கணிதத்தில் விருப்பமுடையோர் ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ சென்று உறவினர் வீட்டில் தங்கிக் கற்க வேண்டும். எங்கள் வகுப்பில் அவ்வாறு சென்றவர் ஒருவர், ஓராண்டில் திரும்பிவிட்டார்.

உத்தியோகங்களைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். 1970களில் கணினி கற்றவருக்கு அரச கூட்டுத்தாபனங்களிலும் வங்கிகளிலும் ஒருசில பதவிகளே இருந்தன. துளை அட்டை தயாரிப்போர், பொறியை இயக்குவோர், நிரலாக்குவோர் என்ற மூன்று படிகளில் மேற்படி மிகக் குறுகியது. 1990களின் நடுப்பகுதியில் நிலைமை மாறிற்று. 1996இல் தொடங்கப்பட்ட மிலேனியம் ஐ.ரி. என்னும் கம்பனி மாலபேயிலிருந்து பங்குச்சந்தைகளுக்கான மென்பொருளை ஆக்கியது. 2009இல் அதனை இலண்டன் பங்குச் சந்தைக் குழுமம் விலைக்கு வாங்கி, தன் வணிகத்தையே பின்னர் அம்மென்பொருளில் நடத்தியது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவந்த இலண்டன் தேயிலை ஏலம் 1998இல் நின்றுபோனது என்பதையும் இதனோடு வைத்து எண்ணிப்பார்க்க: இலங்கையிலிருந்து இலண்டனுக்குக் கொழுந்து போன வழியில் நிரல்கள் போகத் தொடங்கின. 2005இல் தோன்றிய டபிள்யூ.எஸ்.ஓ.2 உலகெங்கும் பயன்படும் திறந்த மூல மென்பொருளை ஆக்குகிறது. நிரலாளர், பரிசோதகர், வலையமைப்புப் பொறியியலாளர், தரவுப் பகுப்பாய்வாளர் என்று பதவிகள் விரிந்தன. 2022இன் பொருளாதார நெருக்கடியோடு இவர்களிற் பலர் கடல்கடந்தனர். நிரல் எழுதும் தொடக்கநிலை வேலையைச் செயற்கை நுண்ணறிவே செய்துவிடும் என்ற அச்சமும் இப்போது எழுந்துள்ளது. எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "நாங்க போய்ச் சேருறப்பவா சாத்துவாங்க?" என்றார்.

முற்றாகச் சாத்தப்படவில்லை என்றே கூறவேண்டும். 2000ஆம் ஆண்டில் கொழும்புப் பல்கலைக்கழகம் தொடங்கிய வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டம் இவ்வரலாற்றில் உரிய கவனத்தைப் பெறாத நிகழ்ச்சி. உயர்தரத்திற் கணிதப் பிரிவிற் கற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை. வளாகத்தில் தங்க வேண்டுவதில்லை. தாமாகவோ தனியார் நிறுவனத்திலோ கற்றுப் பரீட்சைக்குத் தோற்றலாம். முதலாண்டோடு நின்றால் டிப்புளோமா, இரண்டாம் ஆண்டோடு நின்றால் உயர் டிப்புளோமா. கலைப்பிரிவுப் பாடசாலை என்னும் சுவரில் விழுந்த முதல் விரிசல் இதுவே. மொழி ஆங்கிலம் என்பது அதன் இரண்டாவது சுவர், கட்டணம் மூன்றாவது. பாடசாலைகளில் 2013இல் தொடங்கிய உயர்தரத் தொழினுட்பப் பிரிவும் ஒரு வழியைத் திறந்தது. ஆயினும் அதற்கும் ஆய்வுகூடமும் ஆசிரியரும் வேண்டுமாகையால் பழைய கதையே அங்கும் தொடர்கிறது. நம் மாவட்டத்திலேயே பெலிஹுல்ஓயாவில், சமனலவெவ நீர்மின் திட்டத்தினர் தங்கியிருந்த விடுதிகளில் 1996இல் தொடங்கிய சப்ரகமுவ பல்கலைக்கழகம் இன்று கணினிப் பட்டங்களை வழங்குகிறது. பலாங்கொடைத் தோட்டங்களிலிருந்து அது பஸ்ஸில் எட்டும் தூரந்தான். உயர்தரக் கணிதம் என்னும் தூரம் அதனினும் பெரிது.

இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றின் அலுவலகத்தில் செக்றோல் இப்போது கணினியில் பதியப்படுகிறது. பதிபவள் அதே தோட்டத்து லயத்திற் பிறந்த பெண். உயர்தரத்தில் தமிழும் இந்துநாகரிகமும் புவியியலும் கற்றவள். எம்பிலிப்பிட்டியவில் சிங்களத்தில் நடந்த வகுப்பொன்றில் ஆறு மாதம் பயின்றபின் இவ்வேலை கிடைத்தது. வெளிவாரிப் பட்டத்துக்கும் பதிந்திருக்கிறாள். சென்ற முறை ஊருக்குச் சென்றபோது, தரவுத்தளம் பற்றிய ஆங்கிலப் பாடக் குறிப்பில் தனக்கு விளங்காத இடங்களைப் பென்சிலால் அடையாளமிட்டு என்னிடம் தந்தாள். வரலாறு படிக்கும் எனக்கு அதில் பாதிதான் விளங்கிற்று. மீதியைப் பேராதனைக்குக் கொண்டுவந்து விஞ்ஞானபீட நண்பரொருவரிடம் கேட்டுத் தமிழில் எழுதி அனுப்பினேன். அடுத்த பகுதிக் குறிப்பும் வந்திருக்கிறது.