ஒருபெயர்ப் பலர்: ஹப்சியர் வரலாற்றில் ஒரு சிக்கல்

ஹைதராபாத்தின் ஹப்சிகுடா என்னும் ஊர்ப்பெயரில் 'ஹப்சி' அபிசீனியரையும், 'குடா' தெலுங்கில் குடியிருப்பையும் குறிக்கும். தக்காணத்துக்கு அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் வந்த இம்மக்களின் வரலாற்றை ஆராய்வோர் எதிர்கொள்ளும் சிக்கல், ஒரே பெயரைப் பலர் தாங்கியிருப்பதாகும்.

தமிழில் ஔவையார் என்னும் பெயர் காலத்தால் வேறுபட்ட புலவர் பலரைச் சுட்டுவதற்கு அப்பெயரின் மதிப்பே காரணம் எனலாம். ஹப்சியரிடையே நிலைமை வேறு. அடிமைகளுக்கு அம்பர் என்னும் நறுமணப் பொருளின் பெயரும், மாணிக்கத்தைக் குறிக்கும் யாகூத் என்னும் பெயரும் உடையவர்களால் இடப்பட்டன.

சாப்பு என்னும் இயற்பெயருடையவர் மாலிக் அம்பர் ஆகி, அகமதுநகர் அரசின் பேரமைச்சராய் விளங்கி 1626இல் மறைந்தார். அதே நூற்றாண்டில் ஜஞ்சீராக் கோட்டையின் தலைவராயிருந்த சித்தி அம்பர் வேறொருவர். சுல்தானா ரசியாவின் (1236-1240) குதிரைலாயத் தலைவர் ஜமாலுதீன் யாகூத். 1689இல் பம்பாயைத் தாக்கிய சித்தி காசிமும் யாகூத் கானே. எனினும் இவருக்கு அப்பெயர் ஔரங்கசீப் அளித்த பட்டமாகும். அடிமைக்கு இடப்பட்டு வந்த பெயர் ஈண்டுச் சிறப்புப்பெயராயிற்று.

எனவே பெயரொப்புமை ஆளொப்புமைக்குச் சான்றாகாது. காலம், இடம், பதவி, சார்ந்த அரசு ஆகியவற்றைக் கொண்டே ஒருவரைத் துணிதல் வேண்டும். சாப்புவைப் போல் இயற்பெயர் எஞ்சியோர் மிகச் சிலர். ஏனையோரைப் பிரித்தறியாவிடின் பலருடைய வாழ்வு ஒருவர் வரலாற்றுள் மறைந்துவிடும்.