மகளிர் கால்பந்து: இந்திய அணி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது எப்படி? மதுரை அணியின் பங்கு என்ன?

2025 ஜூலை 5, தாய்லாந்தின் சியாங் மாய் நகரம். 2 முறை உலகக் கோப்பையில் ஆடிய தாய்லாந்தை, அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என வீழ்த்தியது இந்திய மகளிர் அணி. 2 கோல்களையும் அடித்தவர் சங்கீதா பாஸ்ஃபோர். தகுதிச் சுற்றில் ஜெயித்து இந்தியா ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது இதுவே முதல்முறை.

சரி, இவ்வளவு நாளா நம்ம அணி எங்கே இருந்தது?

அப்போ ஆசியாவில் 2-வது இடம்!

1975-ல் மகளிர் கால்பந்துக்கெனத் தனி சம்மேளனம் தொடங்கப்பட்டது. 1980-ல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இறுதிப்போட்டி வரை சென்றது. 1983-லும் 2-வது இடம். ஆனால் அதைத் தக்கவைக்க முடியவில்லை.

1991-ல் மாநில அணிகளுக்கான தேசிய சாம்பியன்ஷிப் தொடங்கியது. மணிப்பூர் கோப்பைகளைக் குவித்தது. ஆனா, அந்தப் போட்டி முடிந்தால் வீராங்கனைகளுக்கு ஆட மேடையே இல்லை. 18 மாதங்களுக்கு மேல் சர்வதேச ஆட்டம் எதுவும் ஆடாததால், 2009-ல் ஃபிஃபா தரவரிசைப் பட்டியலில் இருந்தே இந்தியா நீக்கப்பட்டது.

லீக் வந்த பிறகு என்ன மாறியது?

2017 தொடக்கத்தில் இந்தியன் விமன்ஸ் லீக் அறிமுகமானது. முதல் சீசனின் இறுதிச்சுற்றில் 6 அணிகள். டெல்லியில் ஒரே மைதானத்தில் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிட்டது. 2023-24-ல் உள்ளூர், வெளியூர் முறையில் ஆட்டங்கள் நடந்தன. 2024-25 சீசனில் 8 அணிகள், ஒவ்வொரு அணிக்கும் 14 ஆட்டங்கள். அந்த சீசனில் பட்டம் வென்ற ஈஸ்ட் பெங்கால், ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் குரூப் சுற்று வரை முன்னேறியது.

மதுரைக்கு வந்த கோப்பை

2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதிப்போட்டியில், மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று கோப்பையைத் தட்டியது மதுரையின் சேது எஃப்சி. தமிழ்நாடு மாநில அணியும் 2018, 2023 என 2 முறை தேசிய சாம்பியன் ஆனது.

சேது எஃப்சி-க்காக ஆடிய கடலூர் வீராங்கனை இந்துமதி கதிரேசன், தமிழக காவல்துறையில் எஸ்.ஐ. போலீஸ், ரயில்வே வேலைதான் இன்றும் பல வீராங்கனைகளுக்கு நிரந்தர வருமானம்.

கைநழுவிய 2022

அந்த ஆண்டு ஆசியக் கோப்பை இந்தியாவில்தான் நடந்தது. கொரோனா பரவலால் களமிறங்கத் தேவையான 13 வீராங்கனைகள்கூட இல்லாமல், இந்தியா தொடரில் இருந்தே வெளியேறியது. ஆகஸ்டில் இன்னொரு அடி. ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை போன கோகுலம் கேரளா, இந்தியக் கால்பந்து சம்மேளனத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்ததால் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பியது.

இன்னும் என்ன தேவை?

ஒரு சீசனுக்கு 14 லீக் ஆட்டங்கள் என்பது பழைய நிலையை விட எவ்வளவோ மேல். ஆனால் ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற அணிகளுக்கு ஈடுகொடுக்க இது போதாது. அதிக கிளப்கள், நீண்ட சீசன், ஆண்டு முழுவதும் சம்பளம் - இந்த மூன்றும் இருந்தால்தான், கால்பந்தை மட்டுமே நம்பி ஒரு பெண் களமிறங்க முடியும். இல்லையென்றால் சியாங் மாய் வெற்றியும், 1980, 1983 போல ஒரு பழைய நினைவாகவே நின்றுவிடும்.