நம்பிச் சொன்ன சொல்

வைத்தியரிடத்தும் வக்கீலிடத்தும் ஒன்றையும் மறைக்கலாகாது என்று நம் பெரியோர் சொல்வதுண்டு. மறைத்தால் முன்னவரிடம் உயிர் போகும். பின்னவரிடம் வழக்குப் போகும். ஆனால் மறைக்காமல் சொன்ன பிறகு அந்தச் சொல்லுக்கு என்ன காவல்? இக்கேள்விக்குச் சட்டம் இவ்விருவர் விஷயத்திலும் ஒரே விடை அளிக்கவில்லை. இப்பொழுது மூன்றாமவர் ஒருவரும் வந்து சேர்ந்திருக்கிறார். மருந்து கொடாமலும் வழக்காடாமலும், பிறர் துயரைக் கேட்டு வழிகாட்டுவதையே தொழிலாகக் கொண்ட மனநல ஆலோசகர் அவர். அவரிடமுள்ள மூலதனமெல்லாம் பிறர் நம்பிச் சொன்ன சொற்களே.

மொழிபெயர்ப்பவனுக்கு இவ்விடத்தில் ஒரு சங்கடம் உண்டு. நாம் 'இரகசியம்' என்ற ஒரே சொல்லில் அடக்குவதை ஆங்கிலச் சட்ட நூல்கள் மூன்றாகப் பிரிக்கின்றன. தம் வாழ்க்கையைத் தமக்குள் வைத்துக்கொள்ள ஒருவருக்குள்ள உரிமை ஒன்று. அதை நாம் அந்தரங்கம் எனலாம். கேட்டவர் அதை வெளியிடாதிருக்க வேண்டிய கடமை மற்றொன்று. நீதிமன்றமே வினவினாலும் வாய் திறவாதிருக்கும் விலக்குரிமை மூன்றாவது. முதலாவது சொன்னவருடையது, இரண்டாவது கேட்டவரைச் சார்ந்தது, மூன்றாவதை அரசு அளித்தாலன்றி எவருக்கும் இல்லை.

நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் கடமை மிகப் பழையது. கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்கிரட்டீஸின் பெயரால் வழங்கும் உறுதிமொழியிலேயே அது இடம் பெற்றுள்ளது. விலக்குரிமை உண்டா என்ற கேள்வியோ, 1776-ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் பிரபுக்கள் சபையின் முன் பகிரங்கமாக எழுந்தது. கிங்ஸ்டன் சீமாட்டி எனப்பட்ட எலிசபெத் சட்லி, முதற் கணவர் உயிரோடிருக்கவே மறுமணம் புரிந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டிருந்தார். 1744-இல் நடந்த முதல் மணம் இரகசியமானது. அதனை அறிந்தவருள் ஒருவர் சீசர் ஹாக்கின்ஸ் என்னும் ரண வைத்தியர். தொழில் முறையில் தாம் அறிந்ததைச் சொல்லத்தான் வேண்டுமா என்று அவர் தயங்கினார். நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு தயங்கவில்லை. மருத்துவர் தாமாக இரகசியத்தை வெளியிட்டால் அது மானக்கேடு. நீதிமன்றம் கேட்கும்போது சொல்வது அவ்வாறாகாது என்பது அவருடைய தீர்ப்பு. ஹாக்கின்ஸ் சாட்சியம் அளித்தார், சீமாட்டி குற்றவாளியானார். (முதல் மணம் செல்லுமென்றானதால் அவர் வேறொரு பிரபுவின் மனைவியாகி, அந்தப் பதவியின் சலுகையாலேயே கையில் சூடு பெறாமல் தப்பினார் என்பது இவ்வரலாற்றின் வேடிக்கை.)

அந்த நிலைப்பாடுதான் நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் வகுத்த 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம், கணவன் மனைவியர் தமக்குள் பேசிக்கொண்டதற்கும், கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதற்கும் காவல் அளித்தது. மருத்துவரிடம் சொன்னதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னா நகரில் இச்சிக்கல் வேறொரு வடிவம் கொண்டது. பேச்சையே சிகிச்சையாக்கிய ஃபிராய்டுக்குத் தம் கொள்கையை உலகத்தார் முன் நிறுவ நோயாளிகளின் கதைகளைத் தவிர வேறு சான்று இல்லை. பதினெட்டு வயதுப் பெண் ஒருத்திக்கு 1900-இல் அளித்த சிகிச்சையை 'டோரா' என்ற புனைபெயரில் எழுதி, ஆண்டுகள் சில காத்திருந்து 1905-இல் அவர் வெளியிட்டார். பெயரை மறைத்தார், கதையை மறைக்கவில்லை. அப்பெண்ணின் கையில் அந்நூல் கிட்டினால் அவள் மனம் நோகும் என்பதை முன்னுரையில் அவரே உணர்ந்து எழுதியிருக்கிறார். அறிவியலுக்குச் செய்யும் கடமை பெரிதென்பது அவர் சொன்ன சமாதானம். அதை முற்றிலும் ஏற்பது எளிதன்று.

புனைபெயர் எத்துணை மெல்லிய திரை என்பதற்கு 'அன்னா ஓ.' என்ற நோயாளியின் வரலாறே போதும். 1880 முதல் 1882 வரை அவருக்குச் சிகிச்சை அளித்தவர் ஃபிராய்டின் நண்பர் பிராயர். நோயாளியின் உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். பெயரின் முதலெழுத்துகள் இரண்டையும் அகரவரிசையில் ஓரெழுத்துப் பின்தள்ளினால் கிடைப்பதே அப்புனைபெயர். அவர் பிற்காலத்தில் ஜெர்மனியில் யூதப் பெண்களுக்காகப் பெரும் தொண்டாற்றி 1936-இல் மறைந்தார். 1953-இல் ஃபிராய்டின் வரலாற்றை எழுதிய எர்னஸ்ட் ஜோன்ஸ் அப்பெயரை உலகுக்கு அறிவித்துவிட்டார். அடுத்த ஆண்டே மேற்கு ஜெர்மனி அவ்வம்மையாரின் தொண்டைப் போற்றி அஞ்சல் தலை வெளியிட்டது. தொண்டால் அறியப்பட வேண்டியவர், தம் இளமையின் நோயாலும் அறியப்படலானார். இறந்தோருக்கு அந்தரங்கம் இல்லையென்று முடிவு செய்யும் அதிகாரத்தை ஜோன்ஸுக்கு அளித்தவர் எவர்?

இதுகாறும் கூறியவை சொல்லை வெளியிட்டதால் நேர்ந்தவை. இனிக் கூறுவது அதனினும் கடினமானது. அமெரிக்காவில் பெர்க்லி நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நம் நாட்டிலிருந்து சென்ற மாணவர் ஒருவர் பயின்றார். பெண் ஒருத்தி தம் அன்பை ஏற்காததால் மனம் கலங்கிய அவர், பல்கலைக்கழக மருத்துவமனையின் மனோதத்துவ நிபுணரிடம் ஆலோசனைக்குச் சென்றார். அப்பெண்ணைக் கொல்லும் எண்ணம் 1969 ஆகஸ்டில் அங்கே வெளிப்பட்டது. நிபுணர் பல்கலைக்கழகக் காவலருக்குத் தெரிவித்தார், கடிதமும் எழுதினார். காவலர் மாணவரைப் பிடித்து விசாரித்து, புத்தி தெளிவாக இருப்பதாகக் கருதி விட்டுவிட்டனர். நிபுணரின் தலைமை அதிகாரியோ கடிதத்தைத் திரும்பப் பெறச் செய்து, குறிப்புகளை அழிக்கவும் உத்தரவிட்டார். மாணவர் ஆலோசனைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அயல்நாடு சென்றிருந்த பெண் ஊர் திரும்பினாள். அக்டோபர் 27-ஆம் நாள் கொலையுண்டாள். அவளுக்கோ பெற்றோருக்கோ ஒருவரும் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

இந்நிகழ்ச்சியில் இரகசியமும் காக்கப்படவில்லை, உயிரும் காக்கப்படவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். சொல் வெளியேறத்தான் செய்தது. ஆனால் சேர வேண்டிய செவியைச் சேரவில்லை. பெற்றோர் தொடுத்ததே 'தாராசாஃப்' வழக்கு. கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1974-இல், எச்சரிக்கும் கடமை உண்டென்றது. மறுவிசாரணைக்குப் பின் 1976-இல் அதனைத் திருத்தி, ஆபத்துக்குள்ளாகும் நபரைப் பாதுகாக்கத் தக்க முயற்சி எடுக்கும் கடமையாக விரித்தது. நீதிபதி டோப்ரினர் பொதுமக்களின் ஆபத்து தொடங்கும் இடத்தைக் காவலின் எல்லையாக வகுத்தார். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி கிளார்க்கின் வாதமும் தள்ளத்தக்கதன்று. சொன்னது வெளிவரும் என்றறிந்தால் கொடிய எண்ணம் கொண்டவர் ஆலோசகரை நாடவே மாட்டார். நாடாவிடில் கொலைகள் குறையா, கூடும் என்றார் அவர்.

இதற்கு எதிர்த் திசையில் நின்ற தீர்ப்பு 1996-இல் வந்தது. பணியின்போது ஒருவரைச் சுட்டுக் கொன்ற காவலர் ஒருவர், பின்னர் சமூக சேவகர் ஒருவரிடம் ஆலோசனை பெற்றார். அந்தக் குறிப்புகளைத் தருமாறு நீதிமன்றம் வற்புறுத்தலாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'ஜாஃபி' வழக்கில் விதித்தது. தாயிடம் சொல்லி அழுவதற்கு இல்லாத காவல் ஆலோசகரிடம் சொல்வதற்கு மட்டும் ஏன் என்று மறுத்தெழுதிய நீதிபதி ஸ்காலியா வினவினார். குறும்பான கேள்விதான், எனினும் தாயிடம் எவரும் கட்டணம் செலுத்திக் குறிப்பேட்டில் பதிவாவதில்லை.

நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநோயுற்றவருக்கு இரகசியக் காப்பை உரிமையாகவே அளிக்கிறது. பிறரைத் தீங்கிலிருந்து காக்க வேண்டுமாயின் செய்தியை வெளியிடலாம். அப்பொழுதும் அத்தீங்கைத் தடுக்கத் தேவையான அளவே வெளியிடலாம். இந்த அளவுக் கட்டளையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். பெர்க்லியில் இல்லாமற்போனது அதுவே. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டமோ குழந்தைகள் விஷயத்தில் தயக்கத்துக்கு இடமே வைக்கவில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் பாலியல் குற்றத்துக்கு ஆளானதை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. ஆலோசகரும் இதற்கு விலக்கல்லர். 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று தொடங்கும் சிறுமியிடம், சம்மதித்துத் தலையசைத்துவிட்டுப் பின்னர் வாக்கு மாறுவதைவிடக் கொடிய துரோகம் இல்லை. ஆதலின் தனியே தொழில் நடத்தும் ஆலோசகரும் எதை மறைப்பேன், எதை மறைக்க இயலாது என்பதை முதல் நாளே, கதை தொடங்குமுன், தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வக்கீலிடம் சொன்னதற்கான காவல் அதிலும் தொடர்கிறது. மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் அத்தகைய பிரிவு அதிலும் இடம் பெறவில்லை.