கம்பளிக்குத் தீட்டில்லை, வெளுத்தவருக்கு உண்டு

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் காலனி வேலிகளில் எல்லாம் சேறு படிந்த துணிகள். அவற்றில் ஆயாவின் கம்பளியும் ஒன்று. குறும்பர்கள் நெய்த பழைய ஆட்டுமயிர்க் கம்பளி. கல்லூரிக்குப் போகும் என் தம்பி நல்லெண்ணத்தோடுதான் அதைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்தான், கல்லில் அடித்துத் துவைத்தான். காய்ந்தபோது பாதியாகச் சுருங்கி அட்டைபோல் விறைத்துப் போயிருந்தது. "வண்ணாத்தி கையில குடுத்திருந்தா இப்பிடி ஆயிருக்குமாடா?" என்றார் ஆயா.

தோழர்களே, அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் இருக்கும் வரலாற்றைத்தான் எழுத வந்தேன்.

முதலில் தம்பி எங்கே தவறினான்? ஆட்டுமயிர் புரதத்தால் ஆன இழை. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடும் காரமும் அடியும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பிறகு பிரிக்க முடியாது. உவர்மண், வெள்ளாவி, கல் என்று பருத்தியை வெளுக்கும் மூன்றும் சேர்ந்து வந்தால் கம்பளிக்கு எமன். பூந்திக்கொட்டையைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிசைந்து, அந்த நுரையில் கம்பளியை அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும். முறுக்கக் கூடாது. உலர்ந்த துணியில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் படுக்கைவாட்டில் விரித்துவிட வேண்டும். தொங்கவிட்டால் நீரின் கனத்திலேயே இழுபட்டுக் கோணிப்போகும். எங்கள் கரையில் இன்னொரு சிக்கல் உண்டு. உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து இழையில் பிசுக்காக ஒட்டும். பூந்திக்கொட்டைக்கு அந்தத் தொல்லை குறைவு.

இது துவைத்துத் துவைத்துக் கை கற்ற அறிவு. ஆனால் அது ஏடேறிய இடங்களில் ஒன்று எது தெரியுமா? மனுஸ்மிருதி. ஐந்தாம் அத்தியாயம், 120ஆம் சுலோகம். பட்டையும் கம்பளியையும் உவர்மண்ணால் சுத்தம் செய், நேபாளத்து ஆட்டுமயிர்ப் போர்வையைப் பூந்திக்கொட்டையால் சுத்தம் செய் என்று அது வகை பிரித்துச் சொல்கிறது. (சூடு ஏறாதவரை லேசான காரத்தைக் கம்பளி தாங்கும், சொன்னதில் பிழையில்லை.) எட்டாம் அத்தியாயத்தின் 396ஆவது சுலோகம், வழவழப்பான இலவம் பலகையில் மெல்லத் துவைக்க வேண்டும், ஒருவர் துணியை இன்னொருவருக்கு உடுத்தக் கொடுக்கக் கூடாது என்று வண்ணாருக்கு உத்தரவு போடுகிறது. துணிமேல் அத்தனை அக்கறை. அதே நூலின் நான்காம் அத்தியாயம், துணி வெளுப்பவரின் சோற்றைத் தொடாதே என்கிறது. பத்தாம் அத்தியாயம், சண்டாளருக்கு உடை பிணத்தின் துணி என்கிறது.

வைதிக வீடுகளின் நம்பிக்கையும் இதே தடத்தில்தான் போகிறது. பருத்தி வேட்டி யார் கை பட்டாலும் தீட்டாகிவிடும். கம்பளியிலும் பட்டிலும் தீட்டு எளிதில் ஒட்டாது. ஆட்டு முதுகில் இருந்த மயிருக்குக் கிடைத்த சலுகை அதை அலசிய மனுஷிக்குக் கிடைக்கவில்லை.

1927 டிசம்பர் 25 அன்று மகத்தில் அண்ணல் அம்பேத்கர் அந்த நூலைத் தீயிலிட்டார். ஐந்து வருடம் கழித்து, 1932 டிசம்பர் 24 தேதியிட்ட 'தி இந்து' நாளிதழில் திருநெல்வேலி ஜில்லாவின் புதிரை வண்ணார் பற்றி ஒரு செய்தி வந்தது. பார்த்தாலே தீட்டு என்பதால் பகலில் வெளியே வரக் கூடாது. நடுநிசிக்கும் விடியலுக்கும் இடையில்தான் வேலை. தக்கர் பாபா பார்க்கப் போனபோது பகல் வெளிச்சத்தில் நடுங்கிக்கொண்டே வந்து நின்றார்கள். அம்பேத்கரும் தம் எழுத்தில் இந்தச் செய்தியை எடுத்துக்காட்டினார்.

இதுவரை படித்துத் தலையாட்டியிருப்பீர்கள். இனிமேல்தான் சங்கடம். அந்த நள்ளிரவில் அவர்கள் வெளுத்தது யார் துணி? நம் துணி. பறையர், பள்ளர் வீட்டுத் துணி. பிரசவத் துணி, தீட்டுத் துணி, சாவு வீட்டுத் துணி எல்லாம் அவர்கள் தலையில்தான். கூலி, அறுவடையில் கொஞ்சம் தானியமும் வாசல் வாசலாக வாங்கும் இராச்சோறும். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் அந்த வாழ்க்கையை ஆரோக்கியம் என்ற பெண் வழியாகச் சொன்னபோது நம் விமர்சகர்கள் சிலரே கோபப்பட்டார்கள், தலித்துகளை ஒடுக்குபவர்களாகக் காட்டிவிட்டார் என்று. அந்த நாவலின் நிலமும் மரக்காணமும் 1993 வரை ஒரே தென்னாற்காடு மாவட்டம். எங்கள் தெருவில் நடக்காதது எதையும் அவர் எழுதிவிடவில்லை என்பது என் எண்ணம். நம்மை அடிப்பவனைப் பற்றி நூறு கூட்டம் போட்டோம், நம் வாசலில் சோற்றுக்கு நின்றவரைப் பற்றி எத்தனை போட்டோம்?

2009இல் தமிழக அரசு புதிரை வண்ணார் நல வாரியம் அமைத்தது. பட்டியல் சாதி என்று சட்டம் சொன்னாலும், தமிழகத்தின் பெரும்பகுதியில் மற்ற வண்ணார்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால், சாதிச் சான்றிதழுக்கு அலையும் பிள்ளைகள் இன்னமும் உண்டு. கள ஆய்வுக்குப் போகும் மாணவர்கள் காலனியின் கடைசி வீட்டுக்கும் போங்கள். பெரும்பாலும் அந்த ஒரே ஒரு வீடாகத்தான் இருக்கும்.

ஆயாவின் கம்பளியை மீட்க முடியவில்லை. இரண்டாக வெட்டிப் பாயின் கீழ் விரித்திருக்கிறோம். அவர் காலத்தில் அதை அலசித் தந்தவரின் பேர் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "பேரா? வண்ணாத்தின்னுதான் கூப்பிடுவோம்" என்றார்.