அம்மம்மாவின் ஊர் எங்கே போனது?

போன வருசம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து, இடம்பெயர்ந்து வந்த வயசான ஆக்களின் கதைகளைப் பதிஞ்சோம். கேட்டு எழுதினது நான். அதுகளைச் சேமிக்க ஒரு ஆப் செய்தது கணினி படிக்கிற நண்பன். ஒருநாள் திறந்து பார்த்தால் ஒருத்தருக்கும் சொந்த ஊர் இல்லை! என்ர அம்மம்மாவுக்கும் அந்த இடம் வெறுமை.

நண்பன் செய்தது ஒண்டுதான். ஜாவா நிரலில் ஊருக்கு வைத்திருந்த பெயரை மாத்தியிருந்தான். ஒரு பெயர் மாறினதுக்கே இப்படியா எண்டு கேட்டேன். அவன் சொன்ன பதிலுக்குப் பின்னால் ஐம்பது வருச வரலாறு இருந்தது.

1960களின் இறுதியில் ஐபிஎம்மின் ஐஎம்எஸ் தரவுத்தளம் தரவுகளை மரக்கிளை மாதிரி அடுக்கியது. அப்பல்லோ விண்வெளித் திட்டத்துக்காக உருவானது அது. 1970இல் அதே நிறுவனத்தின் எட்கர் கொட், கிளை வேண்டாம், அட்டவணை போதும் எண்டு எழுதினார். இதற்குச் சற்று முன்னர்தான் நோர்வேயில் டாலும் நைகார்டும் சிமுலா 67 மொழியில் 'ஒப்ஜெக்ட்' எண்ட எண்ணத்தை உருவாக்கியிருந்தார்கள். நிரல் உலகத்தை ஒப்ஜெக்டாகப் பார்த்தது, தரவுத்தளமோ வரிசையாகப் பார்த்தது. இரண்டுக்கும் ஒத்துவரவில்லை.

1995இல் வந்த ஜாவாவுக்கும் இதே தலையிடி. 2001இல் கெவின் கிங் தொடங்கிய ஹைபர்நேட், எந்த ஒப்ஜெக்ட் எந்த அட்டவணைக்குப் போகும் எண்டதைத் தனி எக்ஸ்எம்எல் கோப்பில் எழுத வைத்தது. 2004இல் ஜாவா 5 அனொட்டேஷனைக் கொண்டுவந்தது. அதுக்குப் பிறகு '@' அடையாளத்தோடு நிரலுக்குள்ளேயே குறிப்பு எழுதலாம். 2006இல் ஜேபிஏ அதைப் பொது நியமமாக்கியது.

பிறகு மொங்கோடிபி (2009), கிளவுடில் ஃபயர்ஸ்டோர் (2017) எண்டு ஆவணத் தரவுத்தளங்கள் வந்தன. கொட் விலக்கிய கிளை வேறு உருவத்தில் திரும்பி வந்தது எண்டும் சொல்லலாம். அட்டவணையில் இல்லாத பெயரைக் கேட்டால் தரவுத்தளமே பிழை சொல்லும். ஆவணத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. ஒவ்வொரு ஆவணமும் ஒவ்வொரு மாதிரி இருக்கலாம். அதனால் தரவின் வடிவம் பெரும்பாலும் நிரலில்தான் எழுதப்பட்டிருக்கும்.

எங்கட பிழையும் அங்கேதான். பழைய ஆவணங்களில் ஊர் பத்திரமாக இருந்தது. நிரல் புதுப் பெயரைத் தேடி, கிடைக்காமல் வெறுமையைக் காட்டியது. பழைய பெயரைச் சொல்லும் ஒரே ஒரு அனொட்டேஷன் வரி போட்டதும் எல்லா ஊர்களும் திரும்பி வந்தன.

ஆனால் இடையில் யாராவது ஒரு பதிவைத் திறந்து, முழு ஒப்ஜெக்டையும் அப்படியே திருப்பிச் சேமித்திருந்தால்? பழைய ஆவணத்துக்கு மேலே புதுசு எழுதப்பட்டு, ஊர் உண்மையாகவே அழிந்திருக்கும். எங்கட நல்ல காலம், ஒருத்தரும் தொடவில்லை.

ஆவணக் காப்பகத்தில் பட்டியலில் இல்லாத கோப்பு, இருந்தும் இல்லாத மாதிரித்தான் எண்டு வரலாறு படிக்கிற எங்களுக்குத் தெரியும். பட்டியல் எழுதுறவனுக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கு எண்டதும் தெரியும். இப்ப அந்தப் பட்டியலை நிரல் எழுதுறவர்கள் எழுதுகிறார்கள். அதனால் கலைப்பீட ஆக்களும் பக்கத்தில் இருந்து கேள்வி கேட்க வேணும். நாங்கள் இப்ப ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். எந்தப் பெயர், எப்ப, ஏன் மாறினது எண்டு அதில் எழுதுகிறோம். முதல் பக்கத்தில் அம்மம்மாவின் ஊர் இருக்கு.