வெப்பமண்டலமா, அயனமண்டலமா? ஒரு கலைச்சொல்லின் வேர்கள்

'டாரிட்', 'டிராபிகல்' என்னும் இரு ஆங்கிலச் சொற்களுக்கும் தமிழக வழக்கில் 'வெப்பமண்டலம்' என்ற ஒரே சொல் நிற்கின்றது. அவை ஒருபொருட் சொற்கள் அல்ல. முன்னது, காயச் செய்தல் எனப் பொருள்படும் 'டொர்ரேரே' என்னும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. வேட்கையைக் குறிக்கும் வடமொழித் 'திருஷ்ணா' அதன் இனச்சொல். பின்னதன் வேர் கிரேக்கத் 'திரொபே'. திரும்புதல் என்பது பொருள். ஞாயிறு வடதிசைச் செலவை முடித்துத் தெற்கே திரும்பும் எல்லையையும், தென்திசைச் செலவை முடித்து வடக்கே திரும்பும் எல்லையையுமே அது முதலில் குறித்தது. வெப்பம் அதில் இல்லை.

இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட நிலம் வெம்மையால் வாழத் தகாதது என்பது கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலின் கருத்து. இதற்கு மறுப்புக் கிரேக்க மொழியிலேயே கிடைக்கின்றது. கி.பி. முதல் நூற்றாண்டுக் கடல்வணிகக் கையேடான 'பெரிபுளூசு' தமிழகக் கீழைக் கடற்கரையில் கமரா, பொதுகா, சோபட்மா என மூன்று துறைகளைக் குறிக்கின்றது. மாமல்லபுரத்திற்குத் தெற்கேயுள்ள மரக்காணமே சோபட்மா என்பது ஆய்வாளர் பலர் கொள்கை. வாழ இயலாதெனப்பட்ட நிலத்திற்குக் கலம் செலுத்தியவர்களுக்கு அக்கோட்பாடு பொருட்டாக இருந்திருக்காது.

செங்கல்பட்டும் மாமல்லபுரமும் ஏறத்தாழ ஒரே அகலாங்கில், வடக்கே பன்னிரண்டரைப் பாகையை அடுத்து அமைந்தவை. ஏப்ரல் 23ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20ஐ ஒட்டியும் ஞாயிறு இரண்டு ஊர்களுக்கும் நேர் உச்சியில் வரும். ஆயினும் மே மாத நண்பகலில் மாமல்லபுரத்தைக் கடற்காற்று தணிக்க, உள்நாட்டுச் செங்கல்பட்டு வேகின்றது. கத்திரி தொடங்குவதும் ஞாயிறு உச்சி கடந்து பத்து நாட்களுக்குப் பின்னரே. ஆகஸ்டில் அதே உச்சி ஞாயிறு, தென்மேற்குப் பருவ முகில்களால், மே மாதக் கடுமையைத் தருவதில்லை. மண்டலம் ஒன்றாயிருக்க, வெப்பம் ஊருக்கும் பருவத்திற்கும் ஏற்ப வேறுபடுகின்றது.

இலங்கைத் தமிழ் நூல்கள் 'அயனமண்டலம்' என்று வழங்குகின்றன. 'அயனம்' என்பதன் நேர்ப்பொருள் செலவு, திருப்பம் அன்று. எனினும் உத்தராயணம், தட்சிணாயனம் என்னும் வழக்குகளால் அது ஞாயிற்றின் போக்கோடு பிணைந்தது. கிரேக்க வேருக்கும் நெருங்கியது. இவ்வேறுபாடு வெறும் சொல்லாய்வு அன்று. சோழமண்டலக் கடற்கரைக்குரிய காட்டுவகையை 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு' என எழுதும்போது, வெம்மையும் வறட்சியும் இருமுறை சொல்லப்பட்டதாக மாணவர் கொள்ள இடமுண்டு. 'அயனமண்டல உலர் பசுமைமாறாக் காடு' எனின், முதற்சொல் இடத்தையும் அடுத்த சொல் தன்மையையும் சுட்டும்.